கருவரங்கம்: ஒரு சொல்லாராய்ச்சி



முதலாழ்வார்களுள் முதல்வரான பொய்கையாழ்வார் அருளிச்செய்த முதல் திருவந்தாதியின் 6ஆம் பாசுரத்தில் ‘கருவரங்கம்’ என்றொரு சொல் எழுந்தருளியிருக்கிறது. தாம் கர்ப்பத்திற் கிடந்த காலத்திலேயே கைகூப்பித் தொழுததாகவும், திருவரங்கத்தில் மேவியிருப்பவனுடைய திசையைக் கண்டதாகவும், அவ்வாறிருக்க இன்று மறத்தல் எங்ஙனே கூடும் என்றும் ஆழ்வார் அங்கே கேட்கிறார். பாசுரத்தின் திரண்ட பொருள் ஸேவிப்பார் யாவர்க்கும் தெரிந்ததே. இச்சொல்லுக்கு இக்காலத்துப் பதவுரைகள் எழுதும் பொருள்தான் ஆராயத்தக்கது. சிலவற்றில் ‘கர்ப்பப்பை’ என்ற ஒரே சொல்லோடு உரை முடிந்துவிடுகிறது. வேறு சிலவற்றில் ‘இருண்ட நரகம் போன்ற கர்ப்பம்’ என்று அடைமொழி சேர்ந்து வருகிறது. முன்னது குறைவு, பின்னது ஆழ்வார் சொல்லாததைச் சொல்வது. இரண்டுமே ‘அரங்கம்’ என்னும் பின்மொழியைக் கைவிட்டுவிடுகின்றன. ஆழ்வார் ‘கருப்பை’ என்றோ ‘கருக்குழி’ என்றோ சொல்லாமல் ‘கருவரங்கம்’ என்றாரே, அதன் காரணம் என்ன என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

முதலில் வடமொழிச் சொற்களைப் பார்ப்போம். ‘கர்ப்பம்’ என்பதற்கு வயிறு, வயிற்றிலுள்ள கரு, குழந்தை என மூன்று பொருள்களை அமரகோசம் நானார்த்த வர்க்கத்தில் ஒருசேரச் சொல்கிறது. அதாவது தாங்கும் இடத்திற்கும் தாங்கப்படும் பொருளுக்கும் ஒரே சொல். பற்றுதல், விழுங்குதல் என்னும் பொருளுடைய தாதுக்களிலிருந்து நிருக்தகாரர் இதனை வருவிப்பர். பற்றுவதும் பற்றப்படுவதும் சேர்ந்தே நிற்பதால் இச்சொல் இருதலைப்பட்டது போலும். இடத்தை மட்டும் தனித்துச் சுட்டவேண்டியபோது ‘கர்ப்பாசயம்’ என்பர். அமரஸிம்ஹர் அதனோடு ‘ஜராயு’வையும் ஒருபொருட் கிளவியாக வைத்தார். ஆனால் வைத்தியர்களும் உபநிஷத்துக்களும் ஜராயு என்பதைக் கருவைச் சூழ்ந்த உறையாகவே கொள்கின்றன. ஜராயுஜம் என்று மனிதர் முதலானோரை வகுப்பது அந்த உறையோடு பிறப்பதைப் பற்றியே.

ஸுச்ருத ஸம்ஹிதையின் சாரீர ஸ்தானத்தில் ஓர் அழகிய வர்ணனை உண்டு. பெண்ணின் கருவழி சங்கின் உட்சுழி போன்றது; அதற்கு மூன்று ஆவர்த்தங்கள், அதாவது சுழிவுகள்; மூன்றாம் சுழிவில் ‘கர்ப்ப சய்யை’ அமைந்திருக்கிறது என்பது அங்குள்ள கருத்து. வைத்திய நூலாசிரியர் அதைப் பை என்றோ பாத்திரம் என்றோ சொல்லாமல் சய்யை, அதாவது படுக்கை என்று சொன்னதை வாசகர்கள் மனத்தில் வைக்கவேண்டும். சங்கும் சயனமும் நம் ஸம்ப்ரதாயத்தில் யாருக்கு உரியவை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஸுச்ருதருக்கு அந்த நோக்கம் இருந்தது என்று அடியேன் சொல்லவில்லை. சொல் அங்ஙனம் அமைந்திருக்கிறது.

‘யோநி’ என்பது வேறு வகை. இன்று இச்சொல்லைச் சபையில் உச்சரிக்கவே கூசுகிறார்கள். ஆனால் வேதாந்தத்தில் இது பரப்ரஹ்மத்திற்கு இடப்பட்ட பெயர்களில் ஒன்று. முண்டகோபநிஷத்து ‘பூதயோநி’ என்கிறது. சிலந்தி தன்னிடமிருந்தே நூலை வெளியிடுவதை அதற்கு உதாரணமாக்குகிறது. ப்ரஹ்ம ஸூத்ரத்தின் முதல் அத்தியாயம் நான்காம் பாதத்தில், ப்ரஹ்மமே உலகுக்கு உபாதான காரணம் என்று நிறுவும் ப்ரக்ருத்யதிகரணத்தின் முடிவில், ச்ருதி அவனை யோநி என்று ஓதுவதையே ஹேதுவாகக் காட்டினார் வ்யாஸர். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் அதனை அவ்வண்ணமே கொண்டருளினார். அதே நூலின் தொடக்கத்தில் சாஸ்த்ரயோநித்வ அதிகரணத்தில் இச்சொல் ‘அறிதற்குக் காரணமானது’ என்னும் பொருளில் வருகிறது. உண்டாவதற்குக் காரணம், அறிவதற்குக் காரணம் இரண்டிற்கும் ஒரே சொல் போதுமானதாயிற்று.

ஸ்ரீகீதையின் 14ஆம் அத்தியாயத்தில் 3ஆம் ச்லோகம் யோநி, கர்ப்பம் இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்கிறது. அங்கே எம்பெருமானார் பாஷ்யத்தின்படி யோநி என்பது அசேதனமான ப்ரக்ருதி; அதில் பகவான் வைக்கும் கர்ப்பம் என்பது சேதனர்களின் திரள். ஆக யோநி இடமாகவும் கர்ப்பம் உள்ளிருக்கும் பொருளாகவும் பிரிந்து நின்றன. எதையும் ‘கர்ப்பப்பை’ என்று ஒற்றைப்பொருளில் எழுதிவிடும் பழக்கம் இந்த இடத்தில் பெரும் பிழையில் கொண்டுபோய்விடும்.

ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் ஹிரண்யகர்ப்ப:, பூகர்ப்ப:, பத்மகர்ப்ப:, ஸ்ரீகர்ப்ப:, ரத்நகர்ப்ப: என்று கர்ப்ப சப்தம் சேர்ந்த திருநாமங்கள் பல உண்டு. இவற்றுள் பூகர்ப்பன் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பூமியைத் தன் திருவயிற்றில் கொண்டவன் என்றும், பூமியைக் கரு போலப் பேணுபவன் என்றும் ஸமாஸத்தை இரு வகையாக விரிக்க இடமுண்டு. எங்கள் சேத்தியாத்தோப்பிலிருந்து வெள்ளாற்றின் மேற்கே போனால் ஸ்ரீமுஷ்ணம். எட்டு ஸ்வயம்வ்யக்த க்ஷேத்ரங்களில் ஒன்று. அங்கே பூவராஹன் எழுந்தருளியிருக்கிறான். ப்ரளய ஜலத்தில் ஆழ்ந்த பூமிப் பிராட்டியை எடுத்தவனுக்கு இரண்டாவது பொருளே இசைவானது. நீரில் மூழ்கியதைக் குலையாமல் எடுத்து வெளிக்கொணர்தல் என்பதைத் தாய்மாரும் மருத்துவச்சிகளும் நன்கறிவர்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘கரு’ என்னும் சொல் கருமையையும் கருவையும் ஒருங்கே குறிக்கும். பெரியாழ்வார் கண்ணனுக்கு உவமையாகும் மேகத்திற்குக் ‘கருவுடை’ என்று அடைகொடுக்கையில் இரண்டு பொருளும் ஒன்றாக ஒலிக்கின்றன. நீரைச் சூல்கொண்ட மேகமே கறுத்திருக்கும். மார்கழியில் வீராணத்துப் பாசனத்தில் சம்பாப் பயிர் கதிரை உள்ளடக்கி நிற்கும்போது எங்கள் பக்கத்து உழவர்கள் ‘பயிர் சூல் கட்டியிருக்கிறது’ என்பார்கள். கரு, சூல் என்னும் இரண்டும் விலங்குக்கும் பயிருக்கும் முகிலுக்கும் பொதுவானவை. உடலுறுப்பு என்னும் எண்ணம் அவற்றில் இல்லை. உள்ளே நிறைந்திருத்தல் என்பதே கருத்து.

உறுப்பைச் சொல்லவேண்டிய இடத்தில் ஆழ்வார்கள் பெரும்பாலும் ‘வயிறு’ என்றே அருளிச்செய்வர். குலசேகரப் பெருமாள் கௌஸல்யையின் வயிற்றை ‘மணிவயிறு’ என்றார். ‘வயிறு வாய்த்தல்’ என்பது பெறுதலைக் குறிக்கும் பழந்தமிழ் வழக்கு. இன்றும் ‘வாயும் வயிறுமாக இருக்கிறாள்’ என்றும், ‘பெற்ற வயிறு’ என்றும் சொல்கிறோம். பேச்சு வழக்கில் உணவுப் பைக்கும் கருப்பைக்கும் வேறுபாடு செய்யாத இந்தப் பழக்கம் வடமொழியிலும் உண்டு. குக்ஷி, ஜடரம், உதரம் மூன்றும் அப்படிப்பட்டவை.

ஆனால் ஆண்டாள் திருப்பாவையின் 5ஆம் பாட்டில் வயிறு என்று சொல்லாமல் ‘குடல்’ என்றாள். தாயின் குடலை விளங்கச் செய்தவன் என்று தாமோதரனைச் சொல்லுகிறாள். குடல் என்றால் உணவு செல்லும் நாளம் அல்லவா, கண்ணன் பிறந்ததற்கும் அதற்கும் என்ன ஸம்பந்தம் என்று இளம் பிள்ளைகள் கேட்பதுண்டு. வயிற்றின் உட்புறம் முழுவதையும் குடல் என்று சொல்வது தமிழ் வழக்கு; இங்கே கருப்பையையே அது குறிக்கிறது. வயிறு என்றால் வெளியே தெரிவதும் அடங்கும். குடல் என்றால் வெளியார் கண்ணுக்கு எட்டாத உள்மறைவு மட்டுமே. இருள் நிறைந்த அந்த உள்மறைவு ஒளி பெற்றது என்பதற்கு ‘விளக்கம்’ என்னும் சொல்லும் ஒத்து நிற்கிறது.

அப்பாட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. இரண்டு தாயர்களில் யாருடைய குடல்? பெற்றவள் தேவகி. ஆனால் அவ்விடத்துத் திருநாமம் தாமோதரன். தாம்பினால் கட்டுண்ட உதரத்தை உடையவன் என்பது அதன் பொருள், கட்டியவள் யசோதை. அவள் வயிற்றில் கண்ணன் பிறக்கவில்லை. பிறந்தது யோகமாயை, அந்தப் பெண்குழந்தையும் அன்றிரவே அவள் பக்கத்திலிருந்து அகற்றப்பட்டது. தேவகியோ பெற்றும் வளர்க்கப்பெறாதவள். அவளுடைய ஆற்றாமையைக் குலசேகரப் பெருமாள் பெருமாள் திருமொழியின் 7ஆம் பதிகத்தில் விரித்தருளினார். ‘தாய்’ என்று பொதுவாகச் சொல்லி, திருநாமத்தால் யசோதையைக் காட்டி, இருவரில் ஒருவரையும் விலக்காமல் ஆண்டாள் பாட்டை அமைத்தாள் என்பது அடியேனுடைய துணிபு. தாயின் உதரத்திற்கு ஒளி கொடுத்தவன் தன் உதரத்தில் தாய் கட்டிய தழும்பை வாங்கிக்கொண்டான்; இரண்டு இடத்திலும் உதரமே.

இவ்வாறு கர்ப்பத்தைக் கொண்டாடியவள் தானே அயோநிஜை என்பதையும் கருதவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் திருத்துழாயடியில் அவதரித்தவள் அவள். ஏர்முனையில் தோன்றிய ஸீதாப் பிராட்டியும் அப்படியே. எந்த வயிற்றிலும் கிடவாத பிராட்டி வயிற்றின் பெருமையைப் பாடுகிறாள்.

இந்தப் பொருளை ஒரு மார்கழியில் திருப்பாவை விளக்கத்தின்போது அடியேன் விண்ணப்பித்தேன். முடிந்தபின் ஓர் அம்மையார் தனியே வந்து கேட்டார்: ‘சுவாமி, எனக்குப் பிள்ளை இல்லை. கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். போன மாதம் ஓர் உபந்யாஸத்தில் கர்ப்பம் மலமும் மூத்திரமும் நிறைந்த நரகம் என்று அரைமணி நேரம் சொன்னார்கள். இன்று குடல் விளங்கியது என்கிறீர்கள். இதில் எது எனக்கு?’ அந்தக் கேள்விக்குச் சாஸ்த்ர ரீதியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். யசோதையின் விஷயத்தை மட்டும் அப்போது சொன்னேன். கர்ப்ப நரகம் என்ற வார்த்தைக்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

கர்ப்பவாஸத்தின் துன்பத்தை வர்ணிக்கும் இடங்கள் சாஸ்த்ரத்தில் உண்மையாகவே உள்ளன. ஸ்ரீவிஷ்ணு புராணம் 6ஆம் அம்சம் 5ஆம் அத்தியாயத்தில் ஆத்யாத்மிக துக்கங்களுக்குப் பின் பராசர மஹர்ஷி அதனை விரித்தார். ஸ்ரீபாகவதம் 3ஆம் ஸ்கந்தம் 31ஆம் அத்தியாயத்திலும் கபில பகவான் விரித்துரைக்கிறார். அதைக் கேட்பவள் யார் என்பதைப் பார்க்கவேண்டும். கபிலர் அதனைத் தம்மைப் பெற்ற தாயான தேவஹூதிக்கே உபதேசிக்கிறார். தாயை இகழ்வதற்காக ஒரு மகன், அதுவும் அவதார புருஷன், அவ்வாறு சொல்வானா? அங்கே இகழப்படுவது சேதனனுடைய கர்மம். கால்கை அசைக்க இடமின்றிக் கட்டுண்டு கிடக்கும் நிலை. சிறையில் உள்ளவன் தன் தளையை வெறுப்பதற்கும், அவனுக்கு அன்னமிட்டுக் காப்பவளை வெறுப்பதற்கும் வேறுபாடு உண்டு. கர்ப்பத்தில் சேதனனுக்கு உள்ள பாரதந்த்ர்யம் அவன் வினையால் வந்தது. அங்கே அவனுக்கு ஆஹாரமும் வெப்பமும் வழியும் கொடுப்பவள் தாய். இந்தப் பிரிவைச் சொல்லாமல் புராண வர்ணனையை மட்டும் வாசித்துவிட்டுப் போவது பெண்டிர் நிறைந்த சபையில் செய்யத்தக்கதன்று. சாஸ்த்ரத்திற்கும் அது நியாயம் செய்ததாகாது.

ஸ்ரீபாகவதத்திலேயே கர்ப்பம் பாடசாலையாகவும் ஸந்நிதியாகவும் இருந்த கதைகள் உள்ளன. ப்ரஹ்லாதாழ்வான் கயாதுவின் வயிற்றிலிருந்தபோதே நாரதருடைய உபதேசத்தைக் கேட்டான். பரீக்ஷித்தோ உத்தரையின் வயிற்றில் அச்வத்தாமாவின் அஸ்த்ரத்தால் எரியுண்ணப் போகையில், எம்பெருமான் உள்ளே புகுந்து சுற்றிநின்று காத்ததைக் கண்டான். பிறந்தபின், தான் கண்டவன் இவனோ இவனோ என்று எதிர்ப்பட்டவரையெல்லாம் பரீக்ஷித்ததனாலேயே அவனுக்கு அப்பெயர் என்று ஸ்ரீபாகவதம் காரணம் சொல்கிறது. பெரியாழ்வார் திருவரங்கத்தைப் பாடும் பதிகமொன்றில் மருமகனுடைய ஸந்ததிக்கு உயிர் மீட்டுத் தந்த இந்த உபகாரத்தை நினைவூட்டுகிறார். அரங்கத்தின் பெருமையோடு ஒரு கர்ப்பத்தின் கதை அங்கே சேர்ந்தே வருவது நமக்கு வழிகாட்டுகிறது.

இனிக் கருவரங்கம் என்ற சொல். ‘அரங்கம்’ என்பதற்குத் தமிழில் ஆற்றிடைக்குறை, அதாவது இருபுறமும் நீர் சூழ்ந்த நிலம் என்பது ஒரு பொருள். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்ததால் திருவரங்கம் அப்பெயர்க்கு உரியதாயிற்று. ஆடுகளம், சபை என்பது மற்றொரு பொருள். திருநெல்வேலிச் சீமையில் வீட்டின் உள்ளறையை அரங்கு என்று சொல்லும் வழக்கமும் உண்டு. எம்பெருமான் ரதி கொண்ட இடம், உகந்து எழுந்தருளிய இடம் ஆகையால் ரங்கம் என்பது பூர்வர்களின் நிர்வசனம்.

இந்த நான்கையும் கருவோடு சேர்த்துப் பாருங்கள். பனிக்குடத்து நீரால் சூழப்பட்டதாகையால் கர்ப்பம் ஓர் ஆற்றிடைக்குறை. ஆழ்வாரும் அப்பாசுரத்தில் எம்பெருமானைக் கடல்நீரின் நிறமுடையவனாகவே சொல்லுகிறார். நீர் சூழக் கிடந்தவர் கண்ட நிறம் அது என்று கொள்ளத் தடையில்லை. வீட்டின் உள்ளறை என்னும் பொருள் வெளிப்படை. ஆடுகளம் என்னும் பொருளை அடியேன் வற்புறுத்தமாட்டேன். நாடக நூலார் ஐந்து ஸந்திகளில் நடுவிலுள்ளதைக் கர்ப்ப ஸந்தி என்பர் என்பதோடு அதை விட்டுவிடலாம். முக்கியமானது நான்காவது. எம்பெருமான் உகந்து எழுந்தருளிய இடம் என்னும் பொருளில் கருவை அரங்கம் என்றாரானால், அங்கே அவன் முன்னமே எழுந்தருளியிருக்கிறான் என்றதாயிற்று. தொழுவதற்கு எதிரே ஒருவன் இல்லாமல் தொழுதல் நிகழாது.

ஆழ்வார் தாம் கர்ப்பத்தில் இருந்ததைச் சொல்ல ‘கிடந்து’ என்ற வினையை இடுகிறார். அரங்கத்தில் இருப்பவனும் கிடந்த திருக்கோலத்தான். ஒருவன் திருவரங்கத்தில் கிடக்கிறான். ஒருவர் கருவரங்கத்தில் கிடக்கிறார். ஸுச்ருதர் சொன்ன கர்ப்ப சய்யை இங்கே நினைவுக்கு வருகிறது.

கோயில்களில் மூலவர் எழுந்தருளியிருக்கும் இடத்தைக் கர்ப்பக்ருஹம் என்கிறோம். பழைய கல்வெட்டுத் தமிழில் அது உண்ணாழிகை. கோயில் எடுக்கும்போது அடித்தளத்தில் பேழை வைக்கும் சடங்கை ஆகமங்கள் கர்ப்பந்யாஸம் என்கின்றன. கர்ப்பக்ருஹத்தைத் தமிழாக்கிக் கருவறை என்றார்கள். அது இன்று தாயின் கருப்பைக்கும் கவிஞர் பலரால் ஆளப்படுகிறது. வடமொழியார் சந்நிதிக்குத் தாய் வயிற்றின் பெயரை இட்டார்கள். பொய்கையாழ்வார் அதற்கு எதிராக, தாய் வயிற்றுக்குச் சந்நிதியின் பெயரை இட்டார்; அதிலும் ‘கோயில்’ என்று நம்மவர் ஒரு சொல்லால் சுட்டும் திவ்யதேசத்தின் பெயரை.

இனி ஓர் ஆக்ஷேபத்திற்கு ஸமாதானம் சொல்லவேண்டும். குருபரம்பரையின்படி பொய்கையாழ்வார் காஞ்சியில் திருவெஃகாவின் பொய்கையில் ஐப்பசித் திருவோணத்தில் தாமரைப் பூவில் அவதரித்தவர். பூதத்தார் கடல்மல்லையில் குருக்கத்திப் பூவிலும், பேயார் மயிலையில் செவ்வல்லிப் பூவிலும் தோன்றினார்கள். அயோநிஜரான ஆழ்வார் ‘கர்ப்பத்திற் கிடந்தேன்’ என்று சொல்வது எங்ஙனே? ஸம்ஸாரி சேதனர் எல்லாருடைய நிலையையும் தம்மேல் ஏறிட்டுக்கொண்டு பேசுகிறார் என்று ஒரு ஸமாதானம் சொல்லலாம். ஆழ்வார்கள் நைச்யாநுஸந்தானத்தில் அப்படிப் பேசுவது உண்டு. ஆனால் இப்பாசுரம் நைச்யம் பேசவில்லை. நான் மறக்கவில்லை என்று பெருமிதம் பேசுகிறது. முற்பிறவிகளில் ஒன்றைச் சொல்கிறார் என்றால் கதையோடு பொருந்தினாலும் சொல்லின் வலிமை குறைகிறது.

அடியேனுக்குத் தோன்றும் மூன்றாவது வழி சொல்லிலேயே இருக்கிறது. கர்ப்பம் என்பது உள்ளிடம் முழுவதற்கும் பொதுப்பெயர். தாமரையின் பொகுட்டுப் பகுதியைப் பத்மகர்ப்பம் என்பது வடமொழியில் பெருவழக்கு. எம்பெருமானுக்கு அத்திருநாமமே உண்டு என்று மேலே கண்டோம். பொய்கையின் நடுவே, நீர் சூழ்ந்த பூவின் உள்ளே, கருவாய்க் கிடந்தவருக்கு அந்த இடம் உண்மையான கருவரங்கம். நீர் சூழ்ந்த அரங்கம் என்னும் பொருளும் அங்கே முழுமையாகப் பொருந்தும். அப்பொய்கைக் கரையில் யதோக்தகாரியும் கிடந்த திருக்கோலத்தில் இருக்கிறான். இதனை வ்யாக்யானங்களுக்கு எதிராக நிறுத்துவதாகக் கொள்ளவேண்டா. தாய் வயிறு என்ற பொருளை விலக்காமலே, அவதார வைபவத்தோடு அச்சொல் பொருந்தும் வழி இது.

இப்பாசுரம் பிறந்த இடத்தையும் ஒருகால் எண்ணிப் பார்க்கலாம். திருக்கோவலூரில் மழையிரவில் ஓர் இடைகழி. ஒருவர் கிடக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே இடம். இருள். அங்கே நாலாமவனாக ஒருவன் புகுந்து நெருக்கினான். அந்த நெருக்கத்தில் பாடத் தொடங்கிய பொய்கையார் 6ஆம் பாசுரத்திலேயே கர்ப்பத்தை நினைத்தார் என்றால் அதில் வியப்பில்லை. இடம் இல்லாமை, இருள், உடன் ஒருவன் இருக்கிறான் என்னும் உணர்வு மூன்றும் இரண்டிடத்திலும் ஒன்றே.

மறவாமை என்பதே பாசுரத்தின் உயிர். கர்ப்போபநிஷத்தின்படி ஒன்பதாம் மாதத்தில் கருவிலுள்ள சேதனன் தன் பழம் பிறவிகளை நினைக்கிறான்; இங்கிருந்து வெளிப்பட்டால் நாராயணனைப் பற்றுவேன் என்று உறுதி செய்கிறான்; வெளியே வந்ததும் ஒரு வாயு தீண்ட எல்லாவற்றையும் மறக்கிறான். அந்த வாயுவை உபநிஷத்து ‘வைஷ்ணவம்’ என்கிறது. ஸ்ரீவிஷ்ணு புராணம் குழந்தையைத் தள்ளும் ப்ராஜாபத்ய வாயு வேறு, வெளியே வந்தபின் தீண்டி அறிவை மயக்கும் வாயு வேறு என்று இரண்டாகப் பிரிக்கிறது. நம் குருபரம்பரை அந்த மயக்கும் வாயுவைச் ‘சடம்’ என்று சொல்லி, அதனை ஒறுத்ததனால் நம்மாழ்வாருக்குச் சடகோபன் என்று திருநாமம் என்கிறது. வாயுவுக்குப் பெயர் மூன்றாயினும், கர்ப்பத்தில் ஞானம் உண்டு, அது வெளியே இழக்கப்படுகிறது என்பதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன. கர்ப்பம் அறியாமையின் இடம் என்று பேசுவோர் இதனைக் கவனிக்கவேண்டும். சாஸ்த்ரம் காட்டுவது அதற்கு மாறு: மறதி தொடங்குவது நாம் வெளிச்சம் என்று சொல்லும் இந்த இடத்தில்.

கருவிற் கிடக்கும் சேதனன் கைகூப்புகிறான் என்றால் அதனை உபாயமாகக் கொள்ளலாமா? கர்ம யோகம் செய்ய அவனுக்கு அதிகாரமில்லை; ஞான யோகத்திற்கும் பக்தி யோகத்திற்கும் வேண்டிய ஆசாரியனோ அங்கமோ அங்கே இல்லை. கைகள் மார்போடு மடங்கிக் கிடப்பது எல்லாக் கருவுக்கும் இயற்கை. அந்த இயற்கையான கிடையையே ஆழ்வார் அஞ்சலியாகக் கண்டார். சேஷத்வம் ஸம்பாதிக்கப்படுவதன்று, ஸ்வரூபத்தோடு கூடப் பிறந்தது என்று நம் ஆசாரியர்கள் நிலைநாட்டும் அர்த்தத்திற்கு இதைவிடத் தெளிந்த உதாரணம் கிடைப்பது அரிது. அஞ்சலியின் பெருமைக்கென்றே அஞ்சலி வைபவம் என்று ஒரு ரஹஸ்யம் அருளிச்செய்தார் ஸ்வாமி தேசிகன். பிறக்கும்போதே மதுஸூதனனுடைய பார்வை விழுந்தவன் ஸாத்விகனாய் மோக்ஷத்தையே நினைப்பான் என்று மஹாபாரதத்து மோக்ஷ தர்மம் சொல்வதை ஜாயமான கடாக்ஷம் என்று பூர்வர்கள் எடுத்தாளுவர். பிறவிச் செல்வமாக இதனைப் பெற்றவர்களுக்குக் ‘கர்ப்பஸ்ரீமான்’ என்று பெயர். கடாக்ஷம் நிர்ஹேதுகமா ஸஹேதுகமா என்னும் வாதத்திற்குள் இங்கே புகவில்லை. எதிர்ப்பார்வை பார்க்கத் திறமில்லாத குழந்தைமேல் அது விழுகிறது என்பதில் இருதிறத்தாரும் ஒருமிப்பர்.

வாழ்வின் மறுமுனையிலும் இதே நிலை வருகிறது. ஸ்ரீவராஹ நாயனார் பூமிப் பிராட்டிக்கு அருளிய சரம ச்லோகத்தில், கட்டையும் கல்லும் போலக் கிடக்கும் அந்திம தசையில் தன் பக்தனைத் தானே நினைப்பதாக வாக்களிக்கிறான். ஸ்ரீமுஷ்ணத்தில் அந்த மூர்த்தியைச் சேவிக்கும் எங்கள் ஊரார்க்கு அது நித்யாநுஸந்தானம். பெரியாழ்வாரும் அந்திமத்தில் தம்மால் நினைக்கவியலாது என்பதை முன்னமே அரங்கத்தரவணையானிடம் சொல்லிவைத்தார். பொய்கையார் தொடக்கத்துக் கிடையைச் சொல்ல, பெரியாழ்வார் இறுதிக் கிடையைச் சொன்னார். இரண்டும் அரங்கனை முன்னிட்டே.

அடியேன் பிறந்த அர்ச்சக குலம் வைகானஸ ஸூத்ரத்தைச் சேர்ந்தது. எங்களில் கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் விஷ்ணுபலி என்னும் ஸம்ஸ்காரம் உண்டு. சக்கரம் பொறித்த பாயஸத்தைக் கர்ப்பவதி அருந்துகிறாள். அதுவே உள்ளிருக்கும் குழந்தைக்குச் சக்ராங்கனம் ஆகிவிடுகிறது என்பது கொள்கை. ஆகையால் வைகானஸர்களைக் கர்ப்ப வைஷ்ணவர் என்பர். தப்த முத்திரை வேண்டுமா வேண்டாவா என்று மற்றவர்களோடு நிகழ்ந்த பழைய வாதங்களை இங்கே எடுக்கவில்லை. எடுப்பது இதைத்தான்: அந்த ஸம்ஸ்காரத்திற்குப் பாத்திரமாவது தாயின் உடல். நரகம் என்று விலக்கப்பட்ட இடத்தில் எவரும் பகவத் ஸம்பந்தமான ப்ரஸாதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கமாட்டார்கள்.

ஆகவே திவ்யப்ரபந்தப் பதவுரை எழுதுவோருக்கும், அச்சிடுவோருக்கும் அடியேனுடைய விண்ணப்பம் இதுவே. கருவரங்கம் என்ற இடத்தில் ‘கர்ப்பமாகிய அரங்கம்’ என்று இரு மொழியையும் காத்து எழுதுங்கள். ‘நரகம்’ என்ற அடையை நீக்குங்கள். திருப்பாவையில் குடல் என்ற இடத்தில் ‘திருவயிறு’ என்று எழுதுவது முறை. கீதையில் யோநி, கர்ப்பம் இரண்டும் சேர்ந்துவரும் இடத்தில் பாஷ்யத்தைப் பார்த்து ‘ப்ரக்ருதி’, ‘சேதன ஸமூஹம்’ என்று தனித்தனியே பொருளிட வேண்டும். பாராயணப் புத்தகங்களில் இடம் குறைவு என்பது உண்மைதான். ‘அரங்கம்’ என்ற ஒரு சொல்லுக்கு இடம் இருக்கும்.